பெட்டி நம்முடையது, பழம் அவர்களுடையது

கே: ஹாக்கின்டோஷ் என்கிறார்களே, அது என்ன சார்?
ப: ஆப்பிள் தயாரிக்காத சாதாரணக் கணினியில் மேக் ஓஎஸ்ஸைக் குடியேற்றுவது. ‘ஹாக்’கும் ‘மேக்கின்டோஷ்’ஷும் புணர்ந்து திரிந்த சொல். நன்னூலில் விதி தேட வேண்டாம்.

கே: எப்போது ஆரம்பித்த விளையாட்டு இது?
ப: மேக் இனி இன்டெல் சில்லில் ஓடும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2005 ஜூனில் அறிவித்தார். முதல் இன்டெல் மேக் வந்தது 2006 ஜனவரியில். நிரலாளர்களுக்கென்று கொடுத்த சோதனைப் பெட்டியின் மென்பொருள் அதற்குள் கசிந்து, கண்ட பிசியிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை வருமுன்பே பந்தி முடிந்தது.

கே: ஆப்பிள் பூட்டுப் போடவில்லையா?
ப: போட்டது. மேக்கில் எஸ்எம்சி என்றொரு சின்னச் சில்லு; விசிறியையும் சூட்டையும் கவனிப்பது. அதற்குள் ஒரு சாவிச்சொல்லை வைத்தார்கள். ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்கள் அந்தச் சொல் கிடைத்தால்தான் பிரியும். சாவி 64 எழுத்து. அதன் சாரம், எங்கள் உழைப்பைத் திருடாதீர்கள் என்ற வேண்டுகோள். கடவுச்சொல்லே கையெடுத்துக் கும்பிட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கே: என் அசெம்பிள்டு பெட்டியில் ஆப்பிள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் சட்டப்படி சரிதானே?
ப: காக்கிச் சட்டை போட்டவரெல்லாம் இன்ஸ்பெக்டரா?

கே: ஆப்பிள் யாருக்குமே உரிமம் கொடுத்ததில்லையா?
ப: கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 1995இல் பவர் கம்ப்யூட்டிங் போன்றவர்கள் முறைப்படி உரிமம் பெற்று மேக் நகல்கள் செய்தார்கள். புது ஆட்களைக் கூட்டி வருவார்கள் என்று ஆப்பிள் நம்பியது. அவர்கள் ஆப்பிளின் ஆட்களையே கூட்டிப் போனார்கள். 1997இல் திரும்பி வந்த ஜாப்ஸ், 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்கு கொடுத்து பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வியாபாரத்தை வாங்கினார், மூடுவதற்காக. குடித்தனக்காரரைக் காசு கொடுத்துக் காலி செய்ய வைத்த வீட்டுக்காரர்களுக்கு இந்த வலி தெரியும்.

கே: நாலு பெட்டி செய்து விற்கலாம் என்றிருக்கிறேன். ஜெயிலா?
ப: முதலில் சைஸ்டார் கதையைக் கேளுங்கள். ஃபுளோரிடா கம்பெனி. 2008 ஏப்ரலில் 399 டாலருக்குப் பெட்டி போட்டது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. “மேக் ஓஎஸ்ஸைக் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்” என்றது சைஸ்டார். வாங்கினது சரி, அதைத் திருத்தி ஒவ்வொரு பெட்டியிலும் நகலெடுத்தது தவறு என்றது நீதிமன்றம். 2009 டிசம்பரில் நிரந்தரத் தடை. 2011இல் மேல்முறையீட்டிலும் தோல்வி. புத்தகம் வாங்கியவர் படிக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். அச்சகம் வைக்கக் கூடாது.

கே: இதுதான் முதல் வழக்கா?
ப: இல்லை. 1982லேயே ஃபிராங்க்லின் என்ற கம்பெனி ஆப்பிள் II போலவே ‘ஏஸ்’ என்று ஒன்று செய்தது. இயங்குதளத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது என்று வாதாடியது. உண்டு என்று 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவர்கள் நிரலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயர் அப்படியே இருந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனின் பதிவெண்ணையும் சேர்த்துக் காப்பியடித்த கேஸ்.

கே: விற்கவில்லை. வீட்டில் கற்றுக்கொள்ள மட்டும் போடுகிறேன். நான் திருடனா?
ப: ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டுமே என்று உரிம ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள்; அதை மறைக்க மாட்டேன். ஆனால் கற்கத் துடிப்பவரைத் திருடன் என்று சொல்ல என் நாக்கு எழாது. கணினி கண்விழிக்கும் முதல் பத்து விநாடியில் நடப்பதை இத்தனை பேருக்குப் பாடமாக்கிய கல்லூரி வேறெது?

கே: அப்படி என்ன பாடம்?
ப: ஓபன்கோர் என்ற தொடக்க நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். “நான் இன்ன மாடல் மேக், என் சீரியல் எண் இது” என்று இயங்குதளத்திடம் அறிமுகம் செய்துவைக்கும். தேவையான திருத்தங்களை வட்டில் செய்யாமல் நினைவகத்திலேயே செய்யும். யுஎஸ்பி போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி 15க்குள் அடக்க வேண்டும். ஒரு வரி பிசகினால் கறுப்புத் திரை. இரவெல்லாம் விழித்து அதைச் சரிசெய்த பையனுக்கு, வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இதே வித்தையின் கிளைதான், ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்குகளுக்குப் புதிய பதிப்பைப் போட்டுத் தருகிறது. பெற்றவர் கைவிட்டதை அடுத்த வீட்டார் வளர்க்கிறார்கள்.

கே: என்னிடம் புது என்விடியா கார்டு இருக்கிறது. ஓடுமா?
ப: 2018இல் வந்த மேக் ஓஎஸ் மொஹாவே முதல் டிரைவர் இல்லை. ஜாதகம் பார்த்த பிறகு தாலி வாங்கியிருக்கலாம்.

கே: இனி எத்தனை நாள்?
ப: 2020இல் ஆப்பிள் சொந்தச் சில்லுக்கு மாறியது. 2025இல் வந்த டஹோதான் இன்டெல்லில் ஓடும் கடைசி மேக் ஓஎஸ். அடுத்தவை ஓடும் சில்லு எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்காது. பூட்டைத் திறந்தவர்களுக்கு முன்னால் இப்போது கதவே இல்லை. எனக்கு வருத்தம்தான்.

கே: அப்படியானால் நோண்டியவர்கள் இனி என்ன செய்வார்கள்?
ப: சிலர் எதிர்த்திசையில் கிளம்பிவிட்டார்கள்: ஆப்பிள் சில்லுள்ள மேக்கில் லினக்ஸ். இதற்கு ஆப்பிளே வழி விட்டிருக்கிறது. அந்த லினக்ஸின் பெயர் அசாஹி. ஜப்பானில் மெக்கின்டோஷ் ரக ஆப்பிளுக்கு அதுதான் பெயர்.