முன்கோபி, முன்கள வீரர்

கே: ஆட்டத்திலும் மன்னன், ஆத்திரத்திலும் மன்னன் என்று சொல்லும்படி நம் தமிழரில் யாராவது உண்டா? (வாசகர், கோவில்பட்டி)

ப: ஹாக்கி ஊரிலிருந்து கேட்கிறீர்கள், விடை உங்களுக்கே தெரியும். தன்ராஜ் பிள்ளை. 1968-ல் புனே அருகே கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பாவுக்குப் படைக்கலத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. மட்டை வாங்கக் காசில்லாத வீட்டில், உடைந்த மட்டையைக் கயிறு சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன்களோடு ஆடி வளர்ந்தார். 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பை, 4 ஆசிய விளையாட்டு, 4 சாம்பியன்ஸ் டிராபி ஆடியிருக்கிறார். வலப்பக்கம் பந்தோடு அவர் ஓட ஆரம்பித்தால் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் பின்வாங்குவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை.

கோபமும் அதே வேகம்தான். நடுவர், தேர்வாளர், பயிற்சியாளர், சம்மேளனம் என்று அவர் மோதாத இடம் இல்லை. அழுகையும் அப்படியே. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து கோல் போட்டுச் சமன் செய்தது. இந்தியாவின் அரையிறுதி அதோடு போயிற்று. அன்று உடைந்துபோன தன்ராஜை மறக்க முடியவில்லை.

கே: "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்கிறார்களே, அவருக்கும் பொருந்துமா? (வாசகி, எட்டயபுரம்)

ப: பொருந்தாது. 1998 பாங்காக்கைப் பாருங்கள். தன்ராஜ் தலைமையில் இந்தியா இறுதியாட்டத்தில் தென்கொரியாவை பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்றது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் 1966-க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 32 வருடப் பசி. கழுத்துப் பதக்கத்தின் பளபளப்பு குறையும் முன்பே தலைவரையும் முன்னணி வீரர்கள் பலரையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயிற்சியாளர் எம்.கே.கௌஷிக்கும் போனார். சம்மேளனம் அதற்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்தது. வெளிநாட்டுப் பயணப் படி போதவில்லை, ஆட்டத்துக்குப் பணம் தாருங்கள் என்று வீரர்கள் வாய் திறந்ததற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் நாடே புரிந்துகொண்டது.

சாப்பாட்டுக்குக் காசு கேட்டுக் கோபப்பட்டவனை முன்கோபி என்று எழுதி வைத்தோம். தங்கம் வென்ற அணியைக் கலைத்தவர்களின் பெயர்கள் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன்ராஜ் சர்வதேச ஆட்டங்களில் எத்தனை கோல் போட்டார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. சம்மேளனம் எழுதி வைக்கவில்லை. இதற்கு நமக்கல்லவா கோபம் வந்திருக்க வேண்டும்?

கே: மேதை என்றாலே கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தானே செய்யும்? (கல்லூரி மாணவர், தூத்துக்குடி)

ப: விஸ்வநாதன் ஆனந்தைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டில் இப்படிக் கேட்கலாமா! பாபி ஃபிஷரின் கதை வேறு. 1972-ல் ரெய்க்யாவிக்கில் நடந்த உலக செஸ் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றார், கேமரா சத்தம் பிடிக்கவில்லை என்று இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. அதன் பிறகும் ஸ்பாஸ்கியை 12½–8½ என்று வென்றார். ஆனால் 1975-ல் கேட்ட நிபந்தனை எல்லாம் நடக்கவில்லை என்று பட்டத்தையே விட்டுவிட்டு, 1992 வரை போட்டி மேசைப் பக்கம் வரவில்லை. அந்தப் பதினேழு வருடங்களில் அவர் ஆடியிருக்கக்கூடிய ஆட்டங்களை நாம் இழந்தோம். கோபம் அவரை மேதையாக்கவில்லை, மேதையை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கே: குகேஷிடம் தோற்றதும் கார்ல்சன் மேசையைக் குத்தினாரே? (வாசகர், ஆறுமுகநேரி)

ப: 2025 நார்வே செஸ். காய்கள் துள்ளின. அடுத்த நொடியே மன்னிப்புக் கேட்டுக் கை குலுக்கினார், போகும்போது குகேஷின் முதுகில் தட்டிக் கொடுத்தார். குத்தியது மேசையை, ஆளை அல்ல. அந்தப் போட்டியையும் கடைசியில் அவரே வென்றார். மன்னிக்கலாம்.

கே: அப்படியானால் ஜிடான்? (கால்பந்து ரசிகர், புன்னைக்காயல்)

ப: 2006 உலகக் கோப்பை இறுதியாட்டம், பெர்லின். இத்தாலி வீரர் மாட்டராஸியின் நெஞ்சில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கு, கோப்பை இத்தாலிக்கு. பெனால்டி உதைக்க அவர் இல்லாமல் போனதே, அது அணிக்குச் செய்த துரோகம். நான் அவருடைய ரசிகன், இருந்தும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கே: ஆண் கத்தினால் வேகம், பெண் கத்தினால் திமிர். ஏன் இப்படி? (வாசகி, காயல்பட்டினம்)

ப: நியாயமான கேள்வி. டென்னிஸில் மெக்கன்ரோ நடுவரோடு சண்டை போட்டதை இன்றும் ரசித்துச் சொல்கிறோம். 2018 அமெரிக்க ஓபன் இறுதியாட்டத்தில் செரீனா வாதாடியதைக் குற்றப்பத்திரிகை போல வாசிக்கிறோம். ஒரே தராசில் நிறுத்துங்கள். மட்டையை உடைத்தது தவறு என்றால் இருவருக்கும் தவறுதான். அன்று ஒசாகா வென்றபோது கூச்சலிட்ட கூட்டத்தை நிறுத்தச் சொன்னதும் செரீனாதான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: என் மாணவன் தோற்றால் மட்டையைத் தரையில் அடித்து உடைக்கிறான். நல்ல ஆட்டக்காரன். நீக்கிவிடவா? (உடற்கல்வி ஆசிரியர், திருச்செந்தூர்)

ப: வேண்டாம் ஐயா. ரோஜர் ஃபெடரர் சிறுவனாக இருந்தபோது மட்டையை வீசுவார், அழுவார். பீல் நகரப் பயிற்சி மையத்தில் புதிதாகக் கட்டிய திரையை மட்டை வீசியே கிழித்தார். அவரை வெளியே அனுப்பவில்லை. விடியற்காலையில் எழுந்து துப்புரவு வேலை செய்யச் சொன்னார்கள். பிறகு 20 கிராண்ட் ஸ்லாம். உங்கள் பையனும் மைதானத்துக்குக் கோடு போடட்டும், வலை கட்டட்டும். மறுநாள் ஆட்டத்தில் அவன் பெயர் இருக்கட்டும். அவன் கோபம் தன் மீதா, அடுத்தவர் மீதா என்று மட்டும் கவனியுங்கள். பந்து பொறுக்கும் சின்னப் பையனிடம் காட்டினால் அன்றே நிறுத்துங்கள்.

கே: சங்கு குளிப்பவன் கோபத்தோடு கடலில் இறங்கினால் மூச்சு நிற்காது. விளையாட்டுக்காரனுக்கு மட்டும் சலுகையா? (வாசகர், திரேஸ்புரம்)

ப: அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கிய காலத்தில் கீழே இறங்கியவனை நம்பிப் படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அசைவு தெரிந்ததும் இழுப்பார். விளையாட்டுச் சங்கத்தின் வேலை அதுதான். 1998-ல் கயிற்றை விட்டுவிட்டார்கள். ஆனாலும் தன்ராஜ் திரும்பி வந்தார். 2002 கொலோன் சாம்பியன்ஸ் டிராபியில் சிறந்த வீரர், 2003-ல் தலைவராக ஆசியக் கோப்பை. அப்படிப்பட்டவருக்கு 2004 ஏதென்ஸில் கடைசி ஆட்டத்தில் கிடைத்தது சில நிமிடங்களே.

கே: நம் மாவட்டத்திலிருந்து ஒரு தன்ராஜ் வருவாரா? (ஹாக்கி வீராங்கனையின் தந்தை, கோவில்பட்டி)

ப: வழி திறந்தாயிற்று. கோவில்பட்டி மாரீஸ்வரன் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார், அணி வெண்கலம் வென்றது. உங்கள் ஊரில் செயற்கைப் புல்தரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. சங்கப் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மகளோ வேறொரு பிள்ளையோ பயணப்படி வரவில்லை, காலணி கிழிந்துவிட்டது என்று குரலை உயர்த்தினால், "வாய்த்துடுக்கு" என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். முதலில் காலணி வாங்கிக் கொடுங்கள்.