துடக்கு வீட்டுக்குப் போற மருமோனுக்கு

மருமோன், நீர் அனுப்பின வீடியோவைக் கொழும்பு புதுக்கடைக் கோட்டடித் தேத்தண்ணிக் கடையில வைச்சுத்தான் பார்த்தனான். ஒன்ராரியோவில நீர் வாங்கின ஏரிக்கரை வீடு, அதுக்கு முன்னால ஏரி, ஏரியில உம்மட வள்ளம், வள்ளத்துக்கு முன்னால கறுப்பும் வெள்ளையுமா ஒரு பறவை. வழக்குத் தவணைக்கு வந்திருந்த ஒரு பெரியவரும் எட்டிப் பார்த்தவர். "ஏன் ஐயா அதைக் கலைக்கிறான்?" எண்டு கேட்டார். "கலைக்கேல்லையாம், உதவி செய்யிறானாம்" எண்டன். அவர் ஒண்டும் பறையாமல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு பிளேன்டீயைக் குடிச்சார். கோட்டுக்கு வாறவைக்குக் கனக்க விஷயம் விளங்கும்.

உந்த லூன் எண்ட பறவையில உங்களுக்கு ஏன் இவ்வளவு பக்தி எண்டு எனக்குத் தெரியும். 1987 இல இருந்து உங்கட ஒரு டொலர் குத்தியில அதுதானே மிதக்குது. குத்திக்கும் லூனி எண்டுதான் பேர். காசில இருக்கிற பறவையை நம்மட சனம் எட்ட நிண்டு கும்பிடுமே?

அது தண்ணிக்கு மேல நெஞ்சை நிமிர்த்தி எழும்பி நிண்டு சிறகை அடிக்க, "மாமா பாருங்கோ, எங்களுக்காக டான்ஸ் ஆடுது" எண்டு பின்னால உம்மட குரல் கேக்குது. அது டான்ஸ் இல்லை, மருமோன். குஞ்சுக்குக் கிட்ட ஆள் வந்தால் லூன் அப்பிடித்தான் எழும்பி நிக்கும். அது "போ" எண்டு சொல்லுது. நீர் "இன்னொருக்கா ஆடு" எண்டு சொல்லுறீர். கூட்டில இருக்கேக்குள்ள தலையைத் தாழ்த்தி, கழுத்தைத் தண்ணிப் பக்கம் நீட்டிப் படுத்ததையும் படம் பிடிச்சு, "வணக்கம் சொல்லுது" எண்டு எழுதியிருக்கிறீர். அது பயத்தில பதுங்கிற கோலம். இன்னும் ரெண்டு முழம் நீர் கிட்டப் போயிருந்தால் தண்ணிக்குள்ள குதிச்சிருக்கும்; முட்டை குளிர்ந்திருக்கும், இல்லாட்டிக் காகமோ ரக்கூனோ வந்து காலைச் சாப்பாட்டை முடிச்சிருக்கும். அதுகளுக்கும் நீர் செய்தது உதவிதான்.

எங்கட ஊரில பிள்ளை பெத்த வீட்டுக்கு 31 நாள் துடக்கு. தாய்க்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கட்டும் எண்டு கிழவியள் போட்ட வேலி எண்டுதான் நான் நினைக்கிறன். உம்மட லூனுக்கும் ஏறக்குறைய அதுதான் கணக்கு. பெரும்பாலும் ரெண்டு முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி இருந்து, ஏறக்குறைய 28 நாளில குஞ்சு வரும். உம்மட மூத்தவன் பிறந்தநேரம் பெரியம்மா வாசலில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, வந்த சனத்தை எல்லாம் திருப்பி அனுப்பினவ. லூனுக்கு அப்பிடி ஒரு பெரியம்மா இல்லை.

இனி அந்த மிதவைக் கதைக்கு வாறன். மரக்குத்தி கட்டி, வலை அடிச்சு, புல்லு மண் போட்டு, ரெண்டு பக்கமும் நங்கூரம் விட்டு லூனுக்கு ஒரு தீவு செய்யப்போறதா எழுதியிருக்கிறீர். நல்ல யோசனை, உம்மட சொந்த யோசனை இல்லாட்டியும். அமெரிக்காவில நியூ ஹாம்ப்ஷயரில லூனைக் காக்கவெண்டே 1975 இல ஒரு குழு துவங்கினது. அவையள் கனகாலமா இந்த மிதவையை விடுகினம். லூனுக்குக் கால் உடம்பின்ர பின்பக்கத்தில. தண்ணியில சுழியன், தரையில நொண்டி. அதால கரையோரத்தில, தண்ணியில இருந்து ஒரு எட்டிலதான் கூடு வைக்கும். அணைக்கட்டுக்காரர் தண்ணியை ஏத்தினால் கூடு தாழும்; இறக்கினால் கூடு மேட்டில நிக்கும், பறவை ஏறேலாது. மிதவையெண்டால் தண்ணியோட ஏறி இறங்கும்.

ஆனா தானாய்க் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற லூனுக்கு மிதவை விடக்கூடாதெண்டு அந்த ஆக்களே சொல்லுகினம். வருஷத்துக்கு வருஷம் கூடு அழியிற இடத்துக்குத்தான் அது. உம்மட ஏரியில அப்பிடி ஒரு அணைக்கட்டு இருக்கோ? கேக்க மறந்திருப்பீர். போன வருஷப் படத்தையும் எடுத்துப் பார்த்தனான். வீட்டுக்கு முன்னால கோரையும் புல்லும் நிறைய நிண்டது. இந்த வருஷம் எல்லாத்தையும் வெட்டி, பச்சைக் கம்பளம் விரிச்சமாதிரிச் செய்துவைச்சிருக்கிறீர். இப்ப கடையில புல்லு வாங்கி மிதவையில நடப்போறீர். மருமோன், உமக்குப் படிப்பு கூடிப்போச்சு.

எங்கட முக்குளிப்பானுக்கு இந்த மிதவைக் கல்வி ஆரும் குடுக்கேல்லை. மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தில அது பாசியையும் கொடியையும் குவிச்சு, தானே மிதக்கிற கூடு கட்டும். வெளிக்கிடேக்குள்ள முட்டைக்கு மேல பாசியை இழுத்து மூடிப்போட்டுப் போகும். பார்க்கிறவனுக்கு அழுகின குப்பை. தாமரைக்கோழி இன்னும் விண்ணன். தாமரை இலையில முட்டையை இட்டுப்போட்டுப் பெட்டை தன்ர பாட்டில வேற சேவலிட்டப் போயிடும். அடைகாக்கிறதும் குஞ்சு வளக்கிறதும் சேவல்தான். தண்ணி ஏறினால் முட்டையைச் சொண்டால தள்ளித் தள்ளி வேற இடத்துக்குக் கொண்டுபோகும். இதைக் குழந்தைப்பிள்ளை பாக்கிற உம்மட முறை வரேக்குள்ள நினைச்சுப் பாரும். மருமோளுக்கு நான் சொன்னதெண்டு சொல்லாதையும்.

கட்டுக்கரை 1954 இல இருந்து சரணாலயம். ஆனா அங்க பறவையின்ர விதி துருசுக் கதவிலதான் தொங்குது. அருவியாற்றுத் தண்ணி தேக்கம் எண்ட அணையில திரும்பி வந்து குளம் நிரம்பி வான் பாயும். பிறகு கமத்துக்குத் திறக்கத் திறக்க அலைகரை பின்வாங்கும். தண்ணிக்குள்ள நிண்ட மரம் தரையில நிக்கத் துவங்கினால் நரியும் நாயும் அடியில வந்திடும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில எந்தத் திகதி, எத்தனை அடி எண்டு சண்டை பிடிக்கிற கமக்காரர் ஒருத்தரும் பறவை ஆர்வலர் இல்லை. எண்டாலும் நாலு கூட்டின்ர ஆயுள் அந்த வாங்கிலதான் தீர்மானமாகிறது. வடக்கில பறவை பாக்க வாற கொழும்புப் பொடியள் லென்ஸை மட்டும் கொண்டு வருகினம். அந்தக் கூட்டத்துக்கு ஒருத்தரும் வாறேல்லை. அங்க தேத்தண்ணி சரியில்லையாக்கும்.

வேடந்தாங்கல்காரர் கெட்டிக்காரர். பதினெட்டாம் நூற்றாண்டு முடியிற நேரம், வெள்ளைக்காரச் சிப்பாய்மார் பறவை சுடினம் எண்டு லயனல் பிளேஸ் எண்ட கலெக்டரிட்டப் போய் எழுத்து வாங்கினவை. பறவைப் பாசம் கொஞ்சம், எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம் எண்ட கணக்கு மிச்சம். நான் புதுக்கடையில இவ்வளவு காலம் பார்த்ததில, லாபம் உள்ளவன் வைக்கிற வழக்குத்தான் நிண்டு பிடிக்கும்.

இஞ்ச கொழும்பிலயும் பெருமைக்குக் குறைவில்லை. 2018 இல உலகத்தில 18 நகரங்களுக்கு ஈரநில நகரம் எண்ட பேரைக் குடுத்தவை. அதில கொழும்பும் ஒண்டு. பேர வாவிப் பக்கம் கூழைக்கடா விளக்குக் கம்பத்தில இருந்துகொண்டு, கீழ போற சனத்துக்கு எச்சத்தால ஆசீர்வாதம் போடும். சனம் குடையைப் பிடிச்சுக்கொண்டு போகும். அந்தளவு மரியாதை போதும்.

நீர் உண்மையா ஏதும் செய்யவேணுமெண்டால், கனடாவில 1981 இல இருந்து தொண்டர்மார் லூன் கணக்கெடுக்கினம், அதில சேரும். ஜூனில சோடி வந்திட்டுதோ, ஜூலையில குஞ்சு வந்திட்டுதோ, ஓகஸ்டில குஞ்சு மிச்சமோ எண்டு தூர நிண்டு பார்த்து எழுதினால் சரி. தூண்டிலில ஈயக்குண்டு கட்டாதையும். லூன் இரை அரைக்கக் கல்லு விழுங்கும், கல்லெண்டு அந்த ஈயத்தையும் விழுங்கும், ஒண்டே காணும் சாக. கரைப் புல்லைத் திரும்ப வளர விடும். வள்ளத்து மோட்டரைக் கூட்டுப் பக்கம் முடுக்காதையும், அலை வந்து முட்டையை அள்ளிக்கொண்டு போகும்.

கூட்டுக்கு மேல விட எண்டு வாங்கி வைச்சிருக்கிற அந்தப் பறக்கிற கமராவை மட்டும் இஞ்ச அனுப்பிவிடும். காணி வழக்கில எதிராளி ராவோட ராவா வேலியை எந்தப் பக்கம் தள்ளுறான் எண்டு பாக்கவேணும். அவன் துடக்கில இல்லை.