நூறு பாட்டா, பத்துப் பாட்டா?

கேள்வி: பீரோ நிறைய இளையராஜா சிடிகள். கம்ப்யூட்டரில் ஏற்ற எந்த சாஃப்ட்வேர் நல்லது?
(வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்)

பதில்: முதலில் ஒரு சிடியைப் போட்டுப் பாருங்கள். நூறு பாட்டு எம்பி3-யாக இருந்தால் சாஃப்ட்வேரே வேண்டாம். அப்படியே காப்பி செய்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். நிஜமான ஆடியோ சிடி சுமார் 80 நிமிடத்துக்கு மேல் பாடாது. அதற்கு, விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். 'செக்யூர்' முறையில் வையுங்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறையாவது படித்து ஒப்பிடும், கீறல் வந்தால் மொய்நோட்டு சரிபார்க்கும் பெரியப்பா மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடும். சேமிப்பது ஃப்ளாக் (FLAC) ஃபார்மட்டில்: ஒலியில் இம்மியும் குறையாது, இடம் ஏறக்குறையப் பாதி. பாட்டுப் பெயர்கள் 'டிராக் 01' என்றே வரலாம்; அட்டையைப் பார்த்து நீங்களே அடியுங்கள், பாடலாசிரியரையும் விட்டுவிடாமல். புது லேப்டாப்பா? சிடி டிரைவே இருக்காது. முதலில் யுஎஸ்பி டிரைவ் வாங்குங்கள்.