ரயிலைத் தோற்கடிப்பது எப்படி?

ரயிலைவிட ரோடுதான் சிக்கனம் என்று சாதிக்க வேண்டுமா? கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாருங்கள். பாடம் சீக்கிரம் பிடிபடும்.

1. சக்கரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அதே பாரத்துக்கு, தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளத் தேவையான விசை, தார் ரோட்டில் ரப்பர் டயருக்கு வேண்டியதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். யாராவது இதை எடுத்தால், டீசல் விலைக்குப் பேச்சை மாற்றுங்கள்.

2. லாரியை நிரப்புங்கள், ரயிலைக் காலியாக்குங்கள். காகிதத்தில்தான். கோயம்புத்தூரிலிருந்து மூச்சு முட்ட பாரம் ஏற்றி வரும் லாரியையும், நாலு பேரோடு கிளம்பும் பாசஞ்சரையும் பக்கத்தில் வையுங்கள். காலி ரயில் வீண்செலவு என்பது நிஜம்தான். பொய் சொன்ன பாவம் சேராது. லாரி காலியாகத் திரும்புவதை மட்டும் மறந்துவிடுங்கள்.

3. நிற்கும் நேரத்தைக் கழித்துவிடுங்கள். பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறங்குகிறது, எதிரே இன்னொரு லாரி, நடுவில் ஒரு ஆட்டோ. இன்ஜின் ஓடட்டும். கிலோமீட்டர் ஏறாதவரை அந்த டீசல் கணக்கில் வராது.

4. பாலம் கட்டுங்கள், பிறகு திரும்பிப் பார்க்காதீர்கள். இதுதான் உச்சகட்டப் பயிற்சி. இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்குப் போகும் பாதையில் 4.62 கி.மீ. ரயில் பாலம் இருக்கிறது. 2011-ல் வந்தபோது நாட்டிலேயே நீளமானது. 2018-ல் அசாமின் போகிபீல் பாலம்தான் அதை முந்தியது. ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலில், 45 வேகன், இருபதடி கன்டெய்னர் பெட்டி 90. அதையே ரோட்டில் கொண்டுபோக, பெட்டி இரண்டு வீதம் ஏற்றினாலும் 45 டிரெய்லர், 45 டிரைவர், 45 டீசல் டேங்க். நீங்கள் பெட்டிகளை டிரெய்லரிலேயே அனுப்புங்கள். அப்புறம் பாலத்தைக் கைகாட்டி, "ரயிலுக்கு ஆதரவே இல்லை சார்" என்று வருத்தப்படுங்கள். வருத்தம் முகத்தில் தெரிய வேண்டும்.

5. வில்லிங்டன் தீவின் ஹார்பர் டெர்மினஸை உதாரணம் காட்டுங்கள். பாசஞ்சர் நின்றுபோன ஸ்டேஷன். எதிராளி மைதானத்துக்கே வராத ஆட்டத்தில் ஜெயிப்பது சுலபம்.

6. மட்டாஞ்சேரிக்கு 2025-ல் வந்த வாட்டர் மெட்ரோவை யாராவது இழுத்தால், "பேட்டரிப் படகு ரயிலும் இல்லை, ரோடும் இல்லை" என்று வெளியே அனுப்புங்கள்.

7. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த எவ்வளவு எரிசக்தி என்று மட்டும் யாரையும் கேட்கவிடாதீர்கள். கேட்டுவிட்டால், நிறைந்த ரேக்கிடம் உங்கள் லாரி தோற்றுவிடும்.