கேட்காமல் எடுத்த முகம்

வாசகி, கும்பகோணம்: கல்யாண ஆல்பம் போட்ட ஸ்டூடியோக்காரர் எங்கள் ஜோடிப் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியிருக்கிறார். எடுத்தவருக்குத்தானே படம் சொந்தம்?

காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் சொந்தம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை. அட்வான்ஸ் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட தாளைப் பொடி எழுத்து உட்படப் படித்துப் பாருங்கள். விளம்பரத்துக்குச் சம்மதம் என்ற வரி அதில் இல்லையென்றால் தைரியமாக இறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வக்கீல் நோட்டீஸ்.

வாசகர், திண்டுக்கல்: தன் முகத்துக்கு உரிமை கேட்க ஒருவர் பிரபலமாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்த உரிமைக்கு நம் நாட்டில் கால்கோள் இட்ட வழக்கே ஒரு தூக்குத்தண்டனைக் கைதியை ஒட்டி வந்ததுதான். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. கூடாது என்றது சிறைத்துறை. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறெதற்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும். அதே தீர்ப்பு பத்திரிகையையும் காத்தது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவேடுகளில் உள்ளதை எழுத யார் சம்மதமும் தேவையில்லை. தங்கள் பெயர் கெடும் என்று அதிகாரிகள் முன்கூட்டியே தடை போடவும் முடியாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தாலும் வெளியே வரக்கூடாது.

தீர்ப்பில் பிரபலம் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. ஆனால் நடைமுறையில் நடிகர்கள் விரைவாகத் தடையாணை வாங்கிவிடுகிறார்கள். ஜவுளிக்கடை பேனரில் மகள் முகத்தைப் பார்த்த தகப்பனோ எந்தக் கோர்ட்டுக்குப் போவதென்று தெரியாமல் நிற்கிறார். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

வாசகர், மதுரை: நான் மேடையில் ரஜினி குரலில் பேசுகிறேன். வழக்கு வருமா?

மிமிக்ரி செய்யுங்கள், அவர் பெயரில் சரக்கு விற்காதீர்கள். ‘மைன் ஹூன் ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்துக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பார்ப்பவருக்கு இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், மக்கள் ஏமாந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. படம் பெயரை மாற்றிக்கொண்டது. பாடகர் தலேர் மெஹந்தி சாயலில் பொம்மை விற்ற கடையை 2010-இல் தடுத்த டெல்லி உயர் நீதிமன்றம், கேலிச்சித்திரத்தையும் பகடியையும் இந்த உரிமையைக் காட்டி நசுக்கக் கூடாது என்றும் சொன்னது. எனக்கு முழுச் சம்மதமான வரி அது.

வாசகி, கோவை: இறந்தவர் முகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?

ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தலைவி’ படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் ஜெ. தீபா தொடுத்த வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, அது வாரிசுச் சொத்து ஆகாது என்பது அதன் பார்வை. ஆனால் சட்டம் கேட்காததையும் செய்யலாம். ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்ட ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்தார்.

வாசகி, நெல்லை: என் தங்கையின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டிப் பரப்பிவிட்டான் ஒருவன். அவள் கல்லூரிக்கே போகமாட்டேன் என்கிறாள்.

தப்பு செய்தவன் அவன். உங்கள் தங்கைக்கு இதில் துளி அவமானமும் இல்லை. இதை வீட்டில் எல்லோரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். படத்தை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள். பிறகு அந்தச் செயலியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். இப்படி மார்ஃபிங் செய்த படங்களை நீக்க நடவடிக்கை எடுக்க 2021-ஆம் ஆண்டு விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன. கையோடு காவல் நிலையம் போங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-வது பிரிவில் முதல் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. ‘எங்கள் எல்லை இல்லை’ என்று எந்த ஸ்டேஷனிலும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது, அங்கேயே எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள்.