சின்னப் பகடையைத் தூக்கிப் போடும் அசடுகள்

குன்னத்தில் அக்கா வீட்டுத் திண்ணை. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும், மக்காச்சோளம் புடைக்கிற முறத்தில் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். தாயமாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். "இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மாமா" என்றான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் கொண்டுவந்த ஆட்டம். ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ மனசில் உருவாக்கிக்கொண்டு, எல்லோருமாக ஒரு கதைக்குள் போய்ச் சண்டை போட்டுத் திரும்பி வர வேண்டும். கதை தொடங்குவதற்கு முன்னால் அந்த ஆளுக்கு மார்க் போட வேண்டும். அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

மார்க் போடுகிற லட்சணத்தைக் கேட்டதும் எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஒரே ஆளுக்கு ஆறு மார்க்காம். பலம், லாவகம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. ஒன்றில் சோடை போனவன் இன்னொன்றில் கெட்டிக்காரனாக இருக்கலாம் என்று நினைக்கிற பச்சைப்பிள்ளைகள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாங்கள் ஒரு பிள்ளையை ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறோம். எடுத்துச் செல்ல வசதி. கல்யாண வீட்டில் விசாரிப்பவர்களுக்கும் சட்டென்று சொல்லிவிடலாம்.

ஆரம்பத்தில் அந்த ஆட்டத்திலும் கொஞ்சம் கண்டிப்பு இருந்திருக்கிறது. மூன்று பகடை உருட்டிக் கூட்ட வேண்டும், விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும். மந்திரவாதி ஆக ஆசைப்பட்டவனுக்கு பலம் 16, அறிவு 5 என்று விழுந்தால் கத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மூன்றிலும் ஆறு விழுந்து 18 கிடைப்பது 216இல் ஒரு தரம். நல்ல முறை. அப்புறம் எவனுக்கோ மனசு இளகி, நாலு பகடை உருட்டு, அதில் சின்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதி மூன்றைக் கூட்டு என்று மாற்றிவிட்டார்கள். சராசரி பத்தரையிலிருந்து பன்னிரண்டேகாலுக்கு ஏறிவிட்டதாம். ஒருவன் தன் மோசமான நாளை மறக்க விதிப்புத்தகமே இடம் கொடுப்பதா?

இந்தத் தவறைத் திருத்திய பெருமை நம்முடையது. நாம் பெரிய பகடையைத் தூக்கிப் போடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் உருட்டிய பகடை ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உருட்டிய பகடை ஒன்று. முதலாவதில் இந்த இரண்டு மாவட்டமும் கெட்டி. 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் 97.67 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம், 2024இல் அரியலூர் 97.31. மறு வருஷம் பிளஸ் டூவிலும் அரியலூர்தான், 98.82. இவ்வளவு பெரிய பகடைகளைத் தூக்கிப் போடக் கை எவ்வளவு வலித்திருக்கும்! டாக்டராக ஆசைப்பட்ட குழுமூர் அனிதாவுக்குப் பெரியது பிளஸ் டூவில் 1200க்கு 1176. சின்னது மருத்துவ நுழைவுத் தேர்வான நீட், 720க்கு 86. எதை வைத்துக்கொள்வது என்பதில் யாருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தடுமாற்றம் இல்லை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவள் உயிரை விட்டதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் 2022இல் அரியலூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்கத்துக்கு மாநில அரசு அனிதா பெயரை வைத்தது. வகுப்பறையில் ஒரு பெஞ்சு தரக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. சுவரில் பெயர் எழுத எந்தக் கட்ஆஃபும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள் அந்த ஆட்டக்காரர்கள். பகடையே வேண்டாம் என்றால் ஆளுக்கு 27 புள்ளி. அதைச் செலவழித்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் அதே 27! கடைக்காரன் பிள்ளைக்கும் 27, வெங்காயப் பட்டறையில் கூலிக்கு நிற்பவன் பிள்ளைக்கும் 27. இப்படிச் சமமாகக் கொடுத்தால் சந்தை எப்படி நடக்கும்? நம்மிடம் புள்ளியை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். காணியை விற்றுக் கொண்டுவந்தால் விடுதியோடு கோச்சிங், ரிப்பீட்டர் என்று மரியாதையான ஒரு பட்டம், அடுத்த வருஷம் மறுபடி உருட்டலாம், அதற்கடுத்த வருஷமும். எத்தனை தரம் என்று கேட்பார் இல்லை. (மறுபடி உருட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. அரியலூர் மாவட்டமே 2001இல் பிறந்து, 2002இல் கலைந்து, 2007இல் மறுபடி பிறந்ததுதான்.)

அவர்களுடைய பகடைக்குக் கற்பனையும் போதாது. மூன்று பகடையில் 19 விழ வைக்கச் சொல்லுங்கள், முழிப்பார்கள். நீட்டில் சரியான விடைக்கு நாலு, தப்புக்கு ஒன்று குறையும்; எல்லாம் சரி என்றால் 720, ஒன்றை விட்டால் 716, ஒன்று தப்பானால் 715. 2024 ஜூனில் 719உம் 718உம் விழுந்தன. நேரம் போதாமல் போன 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் என்றார்கள். பிறகு அதை ரத்து செய்து, மறுதேர்வு எழுதலாம் என்றார்கள். அதற்கு முந்தின வருஷம் மருத்துவ மேற்படிப்புக்கான நீட்டில் தகுதி பர்சன்டைல் பூஜ்யம் என்றே அறிவித்தார்கள். இதைக் கேட்டதும் நாலு பையன்களும் உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆட்டத்தில் மூன்றுக்குக் கீழே போகவே முடியாதாம்.

பொறியியல் பக்கம் இன்னும் நேர்த்தி. கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக 200. இரண்டு பேர் சமமாக வந்தால் கணக்கு மார்க்கைப் பார், இயற்பியலைப் பார், மற்ற மார்க்குகளைப் பார், அப்புறம் பிறந்த தேதியைப் பார். மூத்தவருக்கு முதல் மரியாதை. அதிலும் சமம் என்றால் கம்ப்யூட்டர் கொடுத்த பத்து இலக்க எண், பெரியது யாருக்கோ அவர் முன்னால். அவர்கள் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பகடையைக் காட்டிவிடுகிறார்கள், பாவம், அவசரக்காரர்கள். நாம் கடைசி வரைக்கும் திறமை என்று சொல்லிவிட்டு, கவுன்சலிங் வாசலில்தான் பையிலிருந்து எடுக்கிறோம். அப்போதும் பகடை என்று சொல்வதில்லை. சமவாய்ப்பு எண்.

"மாமா, நீங்களும் ஒரு ஆள் உருட்டுங்க" என்று அக்கா மகன் நாலு பகடையை என் கையில் திணித்தான். உருட்டினேன். முறத்தின் ஓரத்தில் இடித்து நின்றன. ஆறு, ஐந்து, ஐந்து, ஒன்று. பையன்கள் கைதட்டினார்கள். ஒன்றை எடுத்துடுங்க என்றான். நான் குனிந்து, பழக்கத்தில், ஆறை எடுத்துத் திண்ணைக்குக் கீழே போட்டேன்.

"ஐயோ மாமா, அது இல்ல" என்று பதறி இறங்கினான். வாசலில் காய்ந்த மக்காச்சோளத்துக்குள் அது எங்கேயோ விழுந்திருந்தது. டார்ச் எடுத்துவர உள்ளே ஓடினான்.