ஆக்சுவலி என்னும் இடைச்சொல்: ஒரு முன்னாய்வு

தொல்காப்பியர் இடைச்சொற்களுக்கென்று தனி இயலே வகுத்தார். எனினும் இன்று தமிழர் நாவில் ஓயாது புரளும் ‘ஆக்சுவலி’ அதில் இல்லை. இது நூலாசிரியர் குற்றமன்று, காலத்தின் குற்றம். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

பிறப்பு: செயலைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் தோன்றி, பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது இச்சொல். இதன் உடன்பிறப்பைப் பிரெஞ்சுக்காரர் ‘தற்போது’ என்ற பொருளில் ஆள்கின்றனர். ஆங்கிலேயர் ‘உண்மையில்’ என்று கொண்டனர். வாலில் உள்ள ‘லி’, பழைய ஆங்கிலத்தில் உடலைக் குறித்த சொல்லோடு உறவுடையது. நம்மவர் அவ்வுடலை அறுத்தெறிந்து, ‘ஆக’ என்பதன் குறுக்கமான ‘ஆ’வை ஒட்டி ‘ஆக்சுவலா’ என்றும் வழங்குகின்றனர். ‘மெதுவா’, ‘அழகா’ இருக்கும் வரிசையில் அதுவும் கூச்சமின்றி உட்கார்ந்துவிட்டது.

பொருள்: ‘மன்’ என்னும் இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் சொல்கிறார் தொல்காப்பியர். மூன்றும் ஆக்சுவலிக்கு அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன.

கழிவு: “ஆக்சுவலி கல்யாணத்துக்கு வரணும்னுதான் இருந்தேன் மாமா.” வரும் எண்ணம் கழிந்தது. கூடவே மொய்யும் கழிந்தது.

ஆக்கம்: “ஆக்சுவலி இங்க ஏரி இருந்துச்சு சார்.” ஒன்று வேறொன்றானமை கூறுவது. 1920-களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைக் காணோம். கனமழை நாட்களில் மட்டும் ஏரியே நேரில் வந்து சாட்சி சொல்லும்.

ஒழியிசை: “ஆக்சுவலி பையன் நல்ல பையன்தான்.” சொல்லாமல் விட்டது எதுவோ அதுவே இங்கே பொருள். பெண்வீட்டார் மறுபேச்சின்றி அடுத்த ஜாதகத்தை எடுப்பர்.

களச்சான்று: தீபாவளிக்கு முந்தின நாள், தையல்கடை. வாடிக்கையாளர் ரசீதை நீட்டுகிறார். கழுத்தில் டேப் தொங்க, தையற்காரர் மெஷினை நிறுத்தாமலே மொழிகிறார்: “ஆக்சுவலி சார், நேத்தே முடிஞ்சிருக்கும். காஜா போடுற பையன் ஊருக்குப் போயிட்டான்.” அவர் தலைக்கு மேலே அலமாரியில், துணிக்கடைக்காரர் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல், ரசீதின் மறுபாதி குண்டூசியில் ஆட, அந்தத் துணி இருக்கிறது. கத்தரியே படாத துணிக்குக் காஜா எங்ஙனம் என்று வாடிக்கையாளர் வினவவில்லை. “நைட்டு வரட்டுமா?” என்கிறார். கழிவும் ஒழியிசையும் ஒரே சொல்லில் கூடிய அரிய சான்று இது.

மறுப்பு: ‘உண்மையில்’ என்னும் அகராதிப் பொருளை விடலாமோ என்பார்க்கு விடை வருமாறு. கடன் கொடுத்தவர் “காசு எங்கே?” என்கிறார். பரிசோதகர் “டிக்கெட் எங்கே?” என்கிறார். இவர்கள் வாயில் ஆக்சுவலி வருவதில்லை. அது பதில் சொல்லக் கடமைப்பட்டவருக்கே உரியது. உண்மையை அறிவிப்பது அதன் வேலையன்று. கேட்டவரின் கோபத்துக்கும் சொல்பவரின் சாக்குக்கும் இடையே ஒரு மூச்சு அவகாசம் வாங்கித் தருவதே அதன் வேலை. ஆதலின் இடைச்சொல் என்னும் பெயர் இதற்குச் சாலப் பொருந்தும்.

குழந்தைகள் இச்சொல்லை எப்போது கற்கின்றனர் என்பது எஞ்சிய வினா. பள்ளியில் அன்று. “யாருடா டிவி ரிமோட்டை உடைச்சது?” என்று வீட்டில் முதன்முதலாகக் கேட்கப்படும் அன்று.